வீட்டுக் கல்வியும் பிள்ளையின் வாக்கும்

பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் காலையில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்காமல், வீட்டுக் கூடத்தில் கணினியின் முன் அமர்ந்து, நூறு காத தூரத்திலுள்ள உபாத்தியாயர் ஒருவரிடம் இயற்கணிதம் கற்கிறான். பத்து வருஷங்களுக்கு முன்னால் அயலார் இதைக் கண்டு வியந்திருப்பார்கள். சிலர் பெற்றோரை வாயாரக் கண்டித்துமிருப்பார்கள். 2020-ம் வருஷம் மார்ச் மாதத்தில் கொள்ளை நோயின் காரணமாகத் தேசமெங்கும் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் அந்த வியப்பு அகன்றுவிட்டது. நோய் தணிந்தது, பாடசாலைகளும் திறந்தன. ஆயினும் சில குடும்பங்கள் தம் பிள்ளைகளை மீண்டும் பள்ளிக்கு அனுப்பவில்லை. இணையவழி வகுப்புகளின் துணைகொண்டு பள்ளியிறுதி வகுப்புவரை வீட்டிலேயே கற்பித்துவிடலாம் என்று அவை துணிந்துவிட்டன. இத்துணிவு நன்றா, தீதா, இதில் ராஜாங்கத்தின் கடமை யாது என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிக் கூற விரும்புகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். வீட்டில் கற்பிக்கத் துணியும் பெற்றோர் அனைவரும் ஆடம்பரப் பிரியர்கள் அல்லர். சிலருடைய பிள்ளைகள் உடற்குறையின் காரணமாகவோ, கற்கும் வேகத்தில் மாறுபட்டிருப்பதன் காரணமாகவோ வகுப்பில் அவமதிக்கப்பட்டவர்கள். சிலர் உத்தியோக நிமித்தம் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறவர்கள். சிலருடைய பிள்ளைகள் சங்கீதத்திலோ விளையாட்டிலோ நாளின் பாதியைச் செலவிட வேண்டியவர்கள். தனியார் பள்ளிகளின் சம்பளம் தாங்காமல் விலகியவர்களும் உண்டு. மனப்பாடமும் மார்க்குப் பந்தயமுமே கல்வியாகிவிட்ட நிலைமையைக் கண்டு மனம் வெதும்பி விலகியவர்களும் உண்டு. இவர்கள் கூறும் குறைகளிற் பல மெய்யானவையே. அக்குறைகளைக் களையாமல் இவர்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது.

இவ்வழக்கம் நமக்கு முற்றிலும் புதிதுமன்று. கவி ரவீந்திரநாத் தாகூர் பாடசாலைகளில் மனம் பொருந்தாமல் பெரும்பாலும் வீட்டிலேயே கற்றவர். அவரே பின்னர் 1901-ம் வருஷத்தில் சாந்திநிகேதனத்தில் ஒரு பள்ளியை நிறுவினார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பள்ளியை வெறுத்த பிள்ளை வளர்ந்தபின் பள்ளியே வேண்டாமென்று கூறிவிடவில்லை. நல்ல பள்ளி வேண்டுமென்றே கூறினார். இச்சிறு செய்தியில் நமக்கொரு படிப்பினை இருக்கிறது.

அதனினும் பெரிய படிப்பினை மகாத்மா காந்தியின் வாழ்க்கையில் இருக்கிறது. 1897-ம் வருஷ ஆரம்பத்தில் அவர் குடும்பத்துடன் டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது, ஒன்பது வயதும் ஐந்து வயதுமான இரு புதல்வர்களும், பத்து வயதான சகோதரியின் மகனும் உடனிருந்தனர். ஐரோப்பியர் பள்ளிகளில் அவர்களைச் சேர்க்க வேண்டுமாயின் தனிச் சலுகையாகவே பெறவேண்டும். மற்ற இந்தியருடைய பிள்ளைகளுக்குக் கிட்டாத சலுகை தம் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாமென்று அவர் மறுத்துவிட்டார். வீட்டிலே தாமே கற்பிக்கலானார். ஆனால் வக்கீல் தொழிலும் பொதுப்பணியும் அவரது நேரத்தை விழுங்கின. நினைத்தபடி கற்பிக்க இயலவில்லை என்பதைச் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பின்னர் 1910-ல் டால்ஸ்டாய் பண்ணையில், சத்தியாக்கிரகிகளின் குழந்தைகளுக்குத் தமிழ் உட்படப் பல பாடங்களை அவரே சொல்லிக்கொடுத்தார். இவ்வளவும் உயர்ந்த நோக்கத்துடன் செய்யப்பட்டவை. ஆயினும் மூத்த புதல்வர் ஹரிலால் தமக்கு முறையான கல்வி கிடைக்கவில்லை என்ற குறையை மறக்கவேயில்லை. 1911-ல் தந்தையைப் பிரிந்து, கல்வி தேடித் தாய்நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். தந்தையின் கொள்கை தூயதாக இருந்தது. அதன் விலையில் ஒரு பகுதியைப் பிள்ளை கொடுத்தார். மகாத்மாவின் வீட்டிலேயே இது நேர்ந்ததென்றால், சாதாரண மனிதராகிய நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

ஆகவே வீட்டுக் கல்வியைப் பற்றிய விவாதத்தில் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, இது பெற்றோரின் உரிமையா அல்லது ராஜாங்கத்தின் உரிமையா என்பதன்று. பிள்ளையின் வாக்குக்கு இங்கே இடம் எங்கே என்பதே அக்கேள்வி.

அமெரிக்காவில் இக்கேள்வி ஒருமுறை உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. விஸ்கான்ஸின் மாகாணத்தில் பதினாறு வயதுவரை பள்ளிக் கல்வி கட்டாயமாக இருந்தது. ஆமிஷ் என்னும் சமயப் பிரிவினர், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம், உழவும் வீட்டுத் தொழிலுமே அவர்களுக்குக் கல்வி என்று வாதாடினர். 1972-ம் வருஷத்தில் நீதிமன்றம் பெற்றோர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் நீதிபதி டக்ளஸ் ஓரளவு மாறுபட்டு எழுதினார்: பெற்றோர் பேசினார்கள், சர்க்கார் பேசிற்று, பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டாமா என்பது அவரது ஆக்ஷேபணை. வழக்கிலே சம்பந்தப்பட்ட பிள்ளைகளுள் ஒருத்தி மாத்திரமே சாட்சி சொல்லியிருந்தாள். அந்த ஆக்ஷேபணை அன்று சிறுபான்மையின் குரல்; எனினும் அரை நூற்றாண்டு கடந்தும் அதன் நியாயம் மங்கவில்லை.

இன்று அமெரிக்காவின் ஐம்பது மாகாணங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்துக்கு உட்பட்டதே. டெக்ஸாஸ் போன்ற மாகாணங்களில் பெற்றோர் ராஜாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய அவசியமும் இல்லை. இதற்கு நேர்மாறாக ஜெர்மனியில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றே தீரவேண்டும். இதை எதிர்த்து ஒரு குடும்பத்தார் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றும் 2006-ல் தோல்வியுற்றனர். சமூகத்தினின்றும் விலகித் தனித்தனித் தீவுகளாக வாழும் கூட்டங்கள் உண்டாகாமல் தடுப்பதில் ராஜாங்கத்துக்கு அக்கறை உண்டு என்ற வாதத்தை அந்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு தேசத்தில் பிள்ளை எங்கே கற்கிறான் என்று கேட்பாரே இல்லாத இடங்கள் உண்டு. மற்றொன்றில் வீட்டில் கற்பேன் என்று சொல்லவே இடமில்லை. இவ்விரண்டும் நமக்குப் பொருந்தா.

நமது தேசத்தின் நிலைமை யாது? 1911-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ஸ்ரீ கோபால கிருஷ்ண கோகலே, ஆரம்பக் கல்வியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் மசோதா ஒன்றை ஏகாதிபத்திய சட்டசபையில் கொணர்ந்தார். மறு வருஷம் அது தோற்கடிக்கப்பட்டது. அன்று தொடங்கிய கோரிக்கை நிறைவேற ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. 2002-ல் அரசியல் சாசனம் திருத்தப்பெற்று, 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி என்பது அதன் சாரம். பிள்ளையை அண்டையிலுள்ள பள்ளியிற் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. ஆனால் அக்கடமையில் தவறியவர்க்குத் தண்டனை விதிக்கவில்லை. பொதுவாகப் பெற்றோர் மேற்கொள்ளும் வீட்டுக் கல்வியைப் பற்றித் தெளிவாக ஒன்றும் கூறவில்லை. எனவே வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் குற்றவாளிகளும் அல்லர். அங்கீகாரம் பெற்றவர்களும் அல்லர். இதைவிடக் கவனிக்கத்தக்கது, அச்சட்டம் பதினான்கு வயதுடன் நின்றுவிடுகிறது என்பதே. உயர்நிலைப் படிப்புக்குரிய வயதில், பதினான்கு முதல் பதினெட்டு வரை, பிள்ளை எங்கே இருக்கிறான், என்ன கற்கிறான் என்று கேட்கும் கடமை அச்சட்டப்படி எவருக்கும் இல்லை.

அவ்வயதினர்க்கு ஒரு வாயில் மட்டும் திறந்திருக்கிறது. 1979-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் சோதனைத் திட்டமாகத் தொடங்கி, 1989-ல் தனி நிறுவனமாகி, 2002 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று வழங்கும் அமைப்பே அது. பதினான்கு வயது நிரம்பியவர் அதிற் பதிவு செய்துகொண்டு, தமக்கு வேண்டிய பாடங்களைத் தெரிந்தெடுத்து, ஐந்து வருஷ காலத்துக்குள் ஒவ்வொரு பாடமாகவும் தேறலாம். வருஷத்துக்கு இருமுறை பரீக்ஷை நடக்கிறது. கிராமத்துப் பெண்ணும், தொழிற்சாலைப் பையனும், நோயுற்ற சிறுவனும் நுழையக்கூடிய வாயில் இது. ஆனால் இவ்வாயிலில் வந்தவர்களை மேலே ஏறவிடாமல் தடுத்த சுவர்களும் இருந்தன. 1997-ம் வருஷத்து மருத்துவக் கல்வி விதிகளில் ஒன்று திறந்தநிலைப் பள்ளியிற் படித்தவர்களை மருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவர்களாக்கியிருந்தது. அவ்விதி செல்லாதென்று 2018-ல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ல் உச்ச நீதிமன்றத்திலும் அவர்களுக்கு வழி பிறந்தது. ஒரே பரீக்ஷையை எழுத ஒரு மாணவனுக்கு உரிமை உண்டா என்று தீர்மானிக்க இத்தனை காலம் சென்றதை நினைக்கும்போது, வீட்டில் கற்கும் பிள்ளையைச் சமூகம் எவ்வளவு சந்தேகத்துடன் நோக்குகிறது என்பது விளங்கும்.

இனி இணையவழி வகுப்புகளைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். அவற்றின் நன்மையை மறுப்பது மூடத்தனம். பௌதிகத்துக்கு உபாத்தியாயரே இல்லாத கிராமத்துக்கு, தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் பாடம் வந்து சேர்கிறது. விளங்காத இடத்தை நிறுத்தி மறுபடியும் மறுபடியும் கேட்கலாம்; இரண்டாம் முறை கேட்டதற்காக எவரும் ஏளனம் செய்வதில்லை. 2017-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஸ்வயம், தீக்ஷா முதலிய ஏற்பாடுகளின் மூலம் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. இவை பொதுச் சொத்துக்கள், பெருமைப்படத் தக்கவை.

ஆனால் திரையிலே தோன்றும் உபாத்தியாயர், எதிரே இருக்கும் பிள்ளையின் முகவாட்டத்தைக் காண்பதில்லை. பசியோடு வந்திருக்கிறானா, கையிலே காயம் ஏன் என்று கேட்பதில்லை. அமிலத்தையும் காரத்தையும் கலந்து பார்க்கும் பரிசோதனைச் சாலை திரையில் இல்லை. வேறு குலத்தவனோடும் வேறு மதத்தவனோடும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, சண்டையிட்டு, சமாதானமாகி, சேர்ந்து உண்ணும் பழக்கமும் அங்கே இல்லை. ஜனநாயகத்தின் முதற்பாடம் அந்தப் பெஞ்சிலே அல்லவா கற்கப்படுகிறது? வீட்டுக் கல்வியை மேற்கொள்ளும் பெற்றோர் இக்குறையை நிரப்பத் தனியே முயலவேண்டும். மேலும் அம்முயற்சியின் பாரம் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகிறது. அவள் உத்தியோகத்தைத் துறந்து, சமையலுக்கும் சரித்திரத்துக்கும் இடையே நாளெல்லாம் உழல்வதை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்யவேண்டிய வேலையைத் தாய் ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அதை இலட்சியம் என்று கூறிக்கொள்வது முறையன்று.

இதில் வியாபாரத்தின் கையும் நீண்டிருக்கிறது. நோய்க்காலத்தில் பெற்றோரின் அச்சத்தை மூலதனமாக்கி இணையவழிப் பாடம் விற்கும் கம்பெனிகள் பல பெருகின. இலவசம் என்று அழைத்துப் பின்னர்த் தவணைக் கடனில் மாட்டிவிடும் முறைகளைப் பற்றிப் பெற்றோர் விழிப்பாயிருக்க வேண்டுமென்று 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சே எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. பள்ளிச் சம்பளத்தினின்றும் தப்பி, கம்பெனிச் சந்தாவில் சிக்குவதற்கு விடுதலை என்று பெயரிடலாகாது.

ஏழைகளின் நிலை வேறு. 2018-ல் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுள் 36.5 சதவிகிதத்தினரின் வீடுகளிலேயே ஸ்மார்ட்போன் இருந்தது என்றும், 2020-ல் அது 61.8 சதவிகிதமாக உயர்ந்தது என்றும் அசர் என்னும் கல்வி ஆய்வறிக்கை கூறுகிறது. உயர்வு பெரிதே. ஆயினும் பாடசாலைகள் மூடிக்கிடந்த அந்த வருஷத்தில் பத்தில் ஏறக்குறைய நான்கு பிள்ளைகளின் வீட்டில் அக்கருவியே இல்லை. இருந்த வீட்டிலும், தந்தை வேலைக்குப் போகும்போது அது அவருடைய சட்டைப் பையில் போய்விடும். மிஞ்சிய நேரத்தில் அண்ணன் கையில் இருக்கும். தங்கையின் முறை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். இதையுணர்ந்தே தமிழ்நாட்டில் 2021-ல் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டம் தொடங்கப்பெற்று, தன்னார்வலர்கள் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பிக்க வேண்டியதாயிற்று. மனிதர் விட்ட இடைவெளியை மனிதரே வந்து நிரப்பினர். கருவி மட்டும் நிரப்பவில்லை.

இன்னும் ஒரு அபாயத்தை மறைக்காமல் கூறவேண்டும். படித்த குடும்பம் ஒன்று வீட்டுக் கல்வி என்று சொன்னால் அங்கே கல்வி நடக்கலாம். வேறொரு வீட்டில் அதே சொல் ஒரு திரையாகிவிடலாம். 2016-ல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று இடம் விட்டிருக்கிறது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது, மிச்ச நேரம் எது? பெண் குழந்தைகளின் விஷயம் இன்னும் கவலைக்குரியது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இருபது முதல் இருபத்துநான்கு வயதுக்குட்பட்ட பெண்களுள் 23.3 சதவிகிதத்தினர் பதினெட்டு வயதுக்கு முன்னரே மணம் செய்விக்கப்பட்டவர்கள். பதினைந்து வயதுப் பெண்ணை, வீட்டிலிருந்தே படிக்கிறாள் என்று சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டால், அவளைக் காணாமல் தேடுவார் யார்? ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் வகுப்பாசிரியை, அப்பெண்ணின் காவல் தெய்வமாக இருந்தாள். அக்காவலை நீக்கும்போது அதற்கு ஈடாக வேறொன்றை வைக்க வேண்டாமா?

இக்காரணங்களால் வீட்டுக் கல்வியைத் தடை செய்யவேண்டும் என்பாருமுளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை. அந்நிய ஆட்சிக் காலத்தில் சர்க்கார் பள்ளிகளைப் பகிஷ்கரித்து, 1920-ல் குஜராத் வித்யாபீடத்தையும் ஜாமியா மில்லியாவையும் நிறுவிய தேசம் இது. கல்வி என்பது சர்க்கார் முத்திரை குத்திய கட்டடத்தில் மட்டுமே விளையும் என்று நாம் ஒருபோதும் ஒப்பியதில்லை, இன்றும் ஒப்பமாட்டோம். ஆனால் அந்தத் தேசியப் பள்ளிகளும் பலர் கூடிய பொது ஸ்தாபனங்களே என்பதை மறத்தலாகாது. சுதந்திரம் வேண்டும், அதற்குப் பொதுமக்களின் கண் சாட்சியாகவும் வேண்டும்.

ஆதலின் நாம் கோருவன இவை. வீட்டில் கற்பிக்கும் குடும்பங்கள் தங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடமளிக்க வேண்டும். அது அனுமதிக்கான மனுவாக இல்லாமல் அறிவிப்பாக மட்டும் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் பிள்ளையைத் தனியே சந்தித்துப் பேச வேண்டும். பரீக்ஷை வைத்து மிரட்டுவதற்காக அன்று, அவன் நலமா, அவள் கற்கிறாளா என்று அறிவதற்காக. பதினான்கு வயதுக்குப் பிறகு, வீட்டிலேயே கற்பது தன் விருப்பம் என்று பிள்ளையின் கையொப்பமும் பெறப்படவேண்டும். அவ்விருப்பம் மாறினால், எந்த மாதத்திலும், எந்தச் சான்றிதழும் கேட்காமல், அண்டையிலுள்ள சர்க்கார் உயர்நிலைப் பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பள்ளியின் பரிசோதனைச் சாலையும் நூல்நிலையமும் விளையாட்டு மைதானமும் வீட்டில் கற்கும் பிள்ளைக்கும் திறந்திருக்க வேண்டும். திறந்தநிலைப் பள்ளியின் எல்லாப் பாடங்களும் தாய்மொழியில், நல்ல தமிழில், கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டாய இலவசக் கல்வியின் உரிமை பதினெட்டு வயது வரை நீட்டப்பட வேண்டும்.

கல்வி அதிகாரிகள் இதனை வீடுவீடாக நுழைந்து அதிகாரம் செய்வதற்கான சந்தர்ப்பமாக்கிக்கொள்வார்களோ என்ற பயம் நமக்கும் உண்டு. இன்ஸ்பெக்டரின் வருகைக்கு ஒரு வாரம் முன்பே பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் காட்சியை நாம் அறியாதவர்கள் அல்லோம். அதனாலேயே, சந்திப்பவர் ஆசிரியராக இருக்க வேண்டும், உத்தியோகஸ்தராக இருத்தல் கூடாது என்கிறோம்.

ராஜாங்கத்துக்கு மற்றொன்றும் கூறவேண்டும். சிலர் வீட்டில் படிக்கிறார்கள், இணையத்தில் பாடம் இருக்கிறது என்பதைக் காட்டி, கிராமத்துப் பள்ளியின் ஆசிரியர் இடத்தைக் காலியாக விட்டுவைக்கவும், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடவும் எந்தச் சர்க்காராவது எண்ணுமானால், அது கோகலே முதல் போராடி வந்த அனைவருக்கும் செய்யும் துரோகமாகும். வீட்டுக் கல்வி சிலர்க்கு உகந்த வழி. பொதுப் பள்ளி அனைவர்க்கும் உரிய வழி. முன்னதைக் காட்டிப் பின்னதைக் குறைக்கலாகாது.

பெற்றோருக்கு நாம் கூறுவது ஒரு வார்த்தையே. உங்கள் அன்பை நாங்கள் சந்தேகிக்கவில்லை. உங்கள் துணிவையும் மதிக்கிறோம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உங்கள் மகனை, உங்கள் மகளை அருகே அழைத்து, நீ வீட்டிலேயே கற்க விரும்புகிறாயா, பள்ளிக்குப் போக விரும்புகிறாயா என்று கேளுங்கள். பதில் உங்களுக்கு உவப்பற்றதாக இருப்பினும் பொறுமையோடு கேளுங்கள். அப்பதிலை மதிக்கும் வீட்டில் கல்வி குறைவுபடாது என்பது நமது உறுதியான நம்பிக்கை.